அசையும் புரதத்தை அசையாமல் பிடித்தது எப்படி: பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்துமா வந்து மூச்சு இழுக்கும்போது சல்பூட்டமால் இன்ஹேலரை உறிஞ்சினால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய்த் தசை தளர்ந்துவிடும். அந்த மருந்து தசைச் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. செல் சவ்வில் பதிந்திருக்கும் பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பியின் வெளிப்பக்கக் குழியில் போய் உட்கார்ந்தாலே போதும், உள்ளே வேலை தொடங்கிவிடும். வெளியே ஒரு சிறு மூலக்கூறு உட்கார்ந்த சேதி சவ்வைத் தாண்டி உள்ளே எப்படிப் போகிறது? செல் சமிக்ஞை ஆய்வின் அடிப்படைக் கேள்வி இது. பிரையன் கோபில்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கூடமும் அதன் கூட்டாளிகளும் 2007-க்கும் 2011-க்கும் இடையில் இதற்கு அணு அளவில் விடை காட்டினார்கள். 2012-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் கிடைத்தது.

அந்தப் படத்தைப் பாடநூல்கள் எல்லாம் போடுகின்றன. படம் எடுக்கப்பட்ட முறையை விளக்குபவை குறைவு. முறை தெரியாமல் படத்தைப் படித்தால், எது புரதத்தின் இயல்பு, எது எடுத்தவர்கள் மாட்டிய கவ்வியின் தடம் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

சமிக்ஞையின் பாதை

மனித பீட்டா-2 ஏற்பியில் 413 அமினோ அமிலங்கள். ஏழு ஆல்ஃபா சுருள்கள் சவ்வை மேலும் கீழுமாக ஊடுருவி நிற்கின்றன. வெளிப்பக்கம் மூன்று வளையங்கள், உள்பக்கம் மூன்று வளையங்கள், கடைசியில் செல்லுக்குள் தொங்கும் ஒரு நீண்ட வால். உள்ளே காத்திருப்பது ஜிஎஸ் என்ற ஜி-புரதம்; ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துணைப்பகுதிகள் கொண்டது. ஓய்வில் ஆல்ஃபா பகுதி குவானோசின் டைபாஸ்பேட்டை இறுகப் பிடித்திருக்கும். தூண்டப்பட்ட ஏற்பி தொட்டதும் பிடி தளர்ந்து டைபாஸ்பேட் விழுகிறது. காலியான இடத்தில் குவானோசின் டிரைபாஸ்பேட் ஏறுகிறது. உடனே ஆல்ஃபா தனியாகவும் பீட்டா-காமா ஜோடி தனியாகவும் பிரிகின்றன. ஆல்ஃபா போய் அடினைலில் சைக்ளேஸ் நொதியை முடுக்க, செல்லுக்குள் சேதி சுமக்கும் சுழல் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது புரதக் கைனேஸ்-ஏ நொதியை எழுப்பித் தசையைத் தளர்த்துகிறது. சுழல் ஏஎம்பிக்காக ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-இலும், ஜி-புரதங்களுக்காக ஆல்ஃபிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் இருவருக்கும் 1994-இலும் நோபல் பரிசு கிடைத்தது. பாதையின் ஆட்கள் யார் யார் என்பது அப்போதே தெரிந்திருந்தது. முதல் கை இரண்டாம் கையை எப்படித் தொடுகிறது என்பதுதான் தெரியவில்லை.

லெஃப்கோவிட்ஸின் டியூக் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பயிற்சி ஆய்வாளராக இருந்த கோபில்கா, 1986-இல் இந்த ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்த குழுவில் ஒருவர். வரிசையைப் படித்ததும் ஏழு சுருள் அமைப்பு தெரிந்தது. விழித்திரையில் ஒளியை உணரும் ரொடாப்சினும் அதே அமைப்பு. ஒளிக்கும் அட்ரினலினுக்கும் ஒரே குடும்பத்து ஏற்பி! மனித மரபணுத் தொகுதியில் இந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 800 உறுப்பினர்கள். ஆகவே ஒன்றின் வடிவம் தெரிந்தால் அது ஒன்றோடு நிற்காது.

ரொடாப்சினுக்கு முடிந்தது இதற்கு ஏன் முடியவில்லை

மாட்டு ரொடாப்சினின் படிக அமைப்பு 2000-இல் வெளிவந்தது. மாட்டு விழித்திரையில் அந்தப் புரதம் குவியலாகக் கிடைக்கும். இருட்டில் அதன் ரெட்டினால் மூலக்கூறு புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டு, அதை அசையவிடாமல் பூட்டி வைத்திருக்கும். பீட்டா-2 ஏற்பிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. இயற்கையான திசுவில் அது மிகச் சொற்பம். அட்ரினலின் வந்து ஒட்டும், விலகும், பூட்டு கிடையாது. மருந்தே இல்லாதபோதும் ஏற்பி தானாகச் சற்று வேலை செய்துகொண்டிருக்கும்.

இந்தக் கடைசி விஷயமே மையச் சிக்கல். எக்ஸ்-கதிரால் புரதத்தின் வடிவம் பார்க்கப் படிகம் வேண்டும். படிகம் என்றால் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே நிலையில் வரிசையாக அடுக்கி நிற்க வேண்டும். சமிக்ஞை கடத்தும் புரதமோ அசைவதற்கென்றே உண்டானது. ஆறாம் சுருளின் உள்முனைக்கு அருகிலுள்ள 265-ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனில் பைமேன் என்ற ஒளிரும் சாயத்தை ஒட்டி கோபில்கா குழு அளந்து பார்த்தது. சுற்றுப்புறம் மாறினால் சாயத்தின் ஒளி மாறும். தூண்டும் மருந்தை மட்டும் சேர்த்தபோது மாற்றம் பாதியிலேயே நின்றது. ஜிஎஸ் புரதத்தையும் சேர்த்தபோதுதான் முழுமையானது. மருந்து மட்டும் இருந்தால் ஏற்பி பல நிலைகளுக்கிடையே அலைந்துகொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். ஆய்வின் அடுத்த பத்தாண்டைத் தீர்மானித்தது இந்தச் சாய அளவீடுதான் என்பது எங்கள் மதிப்பீடு. முழுமையாகத் தூண்டப்பட்ட நிலையைப் பிடிக்க மருந்து போதாது, உள்பக்கமிருந்தும் ஒரு கை வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிட்டது.

சுத்திகரிப்பு

ஏற்பியை எஸ்எஃப்9 என்ற பூச்சிச் செல்களில் பாக்குலோவைரஸ் வழியாக உற்பத்தி செய்தார்கள். புரதத்தின் தொடக்கத்தில் ஒரு வழிகாட்டித் துண்டும், அதை அடுத்து ஃப்ளாக் என்ற எட்டு அமினோ அமில அடையாளமும் வைக்கப்பட்டன. புரதம் சவ்வில் சரியாக ஏறும்போது வழிகாட்டித் துண்டு வெட்டுண்டு ஃப்ளாக் முனை வெளிப்படும். எம்1 எதிர்ப்பொருள், முனை வெளிப்பட்ட ஃப்ளாக்கை மட்டும், அதுவும் கால்சியம் இருந்தால்தான் பிடிக்கும். ஆகவே அந்த எதிர்ப்பொருள் ஒட்டிய மணிகள் நிரப்பிய குழாயில், அதாவது பத்தியில், 2 மில்லிமோலார் கால்சியத்தோடு ஏற்றி, கால்சியத்தைக் கவரும் ஈடிடிஏ ஊற்றி இறக்கலாம். அமிலமோ கடுமையான உப்போ தேவைப்படுவதில்லை. பலவீனமான புரதத்துக்கு இந்த மென்மை பெரிய வரம்.

செல்களை உப்புக் குறைந்த கரைசலில் வெடிக்க வைத்து, சவ்வைப் பிரித்து, 1 சதவீத டோடெசில் மால்டோசைடு டிடர்ஜென்டில் கரைப்பார்கள். கூடவே அயோடோஅசிட்டமைடு சேர்ப்பது வழக்கம். ஏற்பியில் தனித்து நிற்கும் சிஸ்டீன்கள் உண்டு. அவற்றை மூடாவிட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கந்தகப் பாலம் போட்டுக் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும்.

இனி பலரும் சறுக்கும் இடம். ஃப்ளாக் பத்தியில் இறங்கியதெல்லாம் நல்ல புரதம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒரே பட்டையாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு பங்கு தவறாக மடிந்திருக்கும், மருந்தைப் பிடிக்காது. ஜெல்லுக்கு அந்த வேறுபாடு தெரியாது, படிகத்துக்குத் தெரியும். ஆகவே இரண்டாவதாக அல்பிரனலால் ஒட்டிய செஃபரோஸ் பத்தி. அல்பிரனலால் இந்த ஏற்பியின் தடுப்பு மருந்து. குழி சரியாக அமைந்த மூலக்கூறு மட்டுமே அதில் தங்கும். தங்கியதை மிகுதியான அல்பிரனலால் கரைசலால் இறக்கி, நேராக மறுபடி ஃப்ளாக் பத்தியில் ஏற்றி, அங்கேயே அல்பிரனலாலைக் கழுவி வேண்டிய மருந்துக்கு மாற்றுவார்கள். மூன்று பத்திகள் கடந்து வருவது வேலை செய்யும் புரதம் மட்டும்.

சர்க்கரைச் சங்கிலிகள் மற்றொரு தொல்லை. மூலக்கூறுக்கு மூலக்கூறு நீளம் மாறுவதால் அடுக்கு குலையும். முனைப்பகுதியில் உள்ளவற்றைப் பிஎன்கேஸ்-எஃப் நொதியால் வெட்டினார்கள். இரண்டாம் வெளிவளையத்தில் 187-ஆம் இடத்து அஸ்பராஜினை குளூட்டமேட்டாக மாற்றி அங்கே சர்க்கரை ஏறாமலே செய்தார்கள். வாலை 365-ஆம் அமினோ அமிலத்தோடு வெட்டினார்கள்.

இரண்டு கவ்விகள்

மிஞ்சிய பெரிய தொல்லை மூன்றாம் உள்வளையம். ஐந்தாம் ஆறாம் சுருள்களை இணைக்கும் அது நீளமானது, நிலையான வடிவம் அற்றது, ஜி-புரதம் தொடும் பகுதியும் அதன் பக்கத்திலேயே. அதை அடக்க ஒரே ஆய்வுக்கூடத்தில் இரண்டு வழிகள் ஒரே சமயத்தில் நடந்தன.

முதல் வழியில் சோரன் ராஸ்முசன் வளையத்தை வெட்டாமல் வைத்துக்கொண்டு, இயல்பாக மடிந்த அதன் வடிவத்தை அடையாளம் காணும் எலி எதிர்ப்பொருளின் பிடிக்கும் கையான ஃபேப்5 துண்டை மாட்டினார். தட்டையான கொழுப்பு வில்லைகளான பைசெல்களில் படிகம் வளர்ந்தது. 2007 நவம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்த அந்த அமைப்பின் துல்லியம் ஒரு திசையில் 3.4 ஆங்ஸ்ட்ராம், மற்றதில் 3.7 (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு; எண் சிறிதானால் படம் கூர்மை). உள்பக்கம் தெரிந்தது. வெளிப்பக்கமும் மருந்து உட்காரும் குழியும் தெளிவாகத் தெரியவில்லை. படிகத்தில் எதிர்ப்பொருள்களே ஒன்றையொன்று தாங்கி நின்றன, ஏற்பியின் வெளிப்பாதி பிடிமானமின்றித் தொங்கியது.

இரண்டாம் வழியில் டேனியல் ரோசன்பாம் வளையத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் டி4 வைரஸின் லைசோசைம் நொதியைச் செருகினார். கல் போல உறுதியான, எளிதில் படிகமாகும் சிறு புரதம் அது. தேர்வுக்குக் காரணம் அளவு: லைசோசைமின் தலையும் வாலும் சுமார் 11 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் உள்ளன, ரொடாப்சினில் ஐந்தாம் ஆறாம் சுருள்களின் ஒத்த முனைகளுக்கிடையே சுமார் 16. நெருக்கிப் பொருத்தலாம் என்ற நம்பிக்கை அதில் பிறந்தது. ஆனால் முதல் செருகலிலேயே வெற்றி வந்துவிடவில்லை. இணைப்பு நீளமாக இருந்தால் புரதம் நன்றாக உற்பத்தியாகும், லைசோசைம் மட்டும் கயிற்றில் கட்டிய கல்லாக ஊசலாடும். குட்டையாக வெட்டினால் இறுக்கம் கூடும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் புரதம் செல்லின் மேற்பரப்புக்கே வராது. ஒவ்வொரு அமினோ அமிலமாகக் குறைத்து, ஒவ்வொரு வடிவமும் செல் மேற்பரப்புக்கு வருகிறதா என்று சோதித்து, கடைசியில் ஏற்பியின் 231 முதல் 262 வரை எடுத்துவிட்டு லைசோசைமின் 2 முதல் 161 வரை வைத்த வடிவத்தில் நிலைத்தார்கள்.

இந்தக் கலப்புப் புரதம் ஜி-புரதத்தோடு இணையாது. கதவருகே லைசோசைம் அடைத்துக்கொண்டிருக்கிறது. தடுப்பு மருந்துகள் இயல்பான ஏற்பியைப் போலவே பிடித்தன. தூண்டும் மருந்துகளின் பிடிப்பு இரண்டு மூன்று மடங்கு கூடியது. அதாவது செருகல் ஏற்பியைத் தூண்டிய நிலைப் பக்கம் லேசாகத் தள்ளியது. இதை ஆசிரியர்களே அளந்து அறிவித்தார்கள். ஃபேப்5 அமைப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான். துல்லியம் குறைவு என்று அதை ஓரங்கட்டுவது தவறு. இயல்பான வளையத்தோடு எடுத்த படம் பக்கத்தில் இருப்பதால்தான் லைசோசைம் எவ்வளவு வளைத்தது என்று ஒப்பிட முடிந்தது. வித்தியாசம் சிறிது என்றும் தெரிந்தது. இரண்டு வெவ்வேறு கவ்விகளில் ஒரே விடை வந்தால் அந்த விடை கவ்வியுடையது அல்ல.

கொழுப்புப் பசையில் வளர்ந்த படிகம்

லைசோசைம் வடிவத்துக்கான படிகத்தை ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தில் ரேமண்ட் ஸ்டீவன்ஸ் குழுவைச் சேர்ந்த வாடிம் செரெசாவோடு சேர்ந்து வளர்த்தார்கள். கனசதுரக் கொழுப்பு நிலை என்ற முறை. இரண்டு கண்ணாடி ஊசிக்குழல்கள். ஒன்றில் உருக்கிய மோனோஒலீன் கொழுப்பு, அதில் 8 முதல் 10 சதவீதம் கொலஸ்டிரால். மற்றதில் செறிவான புரதக் கரைசல். இரண்டு பங்கு புரதக் கரைசலுக்கு மூன்று பங்கு கொழுப்பு. நடுவே ஓர் இணைப்பான் மாட்டி, பிஸ்டன்களை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பாலாகக் கலங்கும், பிறகு மெல்ல மெல்லக் கண்ணாடியாகத் தெளிந்து, பற்பசை போலக் கெட்டியாகும். தெளியாவிட்டால் விகிதம் பிசகிவிட்டது அல்லது டிடர்ஜென்ட் மிகுதி. குறுக்கு முனைவாக்கிகளுக்கிடையே நுண்ணோக்கியில் வைத்தால் சரியான கனசதுர நிலை இருண்டு கிடக்கும். கொழுப்பு அடுக்கடுக்காகப் படியும் தகடு நிலைக்குப் போனது மின்னும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, செய்யாமல் விட்டால் ஒரு தட்டு முழுக்க வீண்.

தட்டுகளைக் குளிர் அறையில் வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க மோனோஒலீன் உறைந்து படிகமாக ஆரம்பிக்கும். அதைப் புரதப் படிகம் என்று நினைத்து மகிழ்ந்தவர்கள் உண்டு. பசையைச் சில பத்து நானோலிட்டர் அளவில் கண்ணாடித் தட்டில் வைத்து, மேலே வீழ்படிவுக் கரைசல் ஊற்றி மூடுவார்கள். இந்த ஏற்பிக்குப் பலித்தது 30 முதல் 35 சதவீதம் பெக் 400, சோடியம் சல்பேட், கொஞ்சம் பியூட்டேன்டையால். மருந்தாகக் கரசலால் என்ற தடுப்பு மருந்து. மிக இறுக்கமாகப் பிடித்து மெல்ல விலகுவது.

வளர்ந்த படிகங்களின் சராசரி அளவு 30 × 15 × 5 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. அதைப் பசையோடு சேர்த்துச் சிறு கண்ணியில் அள்ளி நைட்ரஜனில் உறைய வைத்ததும் பசை வெள்ளையாகிவிடும். உள்ளே படிகம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. சிகாகோவுக்கு அருகே ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் எக்ஸ்-கதிர் நிலையத்தில் 10 மைக்ரோமீட்டர் அகலக் கதிரைப் பலவீனப்படுத்திக் கண்ணி முழுக்கக் கட்டம் கட்டமாக மேய விட்டு, படிகம் கதிரைச் சிதறடித்து உண்டாக்கும் விளிம்பு விலகல் புள்ளிகள் தெரியும் கட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கே முழுக் கதிரைச் செலுத்தினார்கள். அவ்வளவு சிறு படிகம் கதிரின் தாக்கத்தில் சில படங்களுக்குள் சிதைந்துவிடும். ஒரு படிகத்திலிருந்து முழுத் தரவு கிடைக்காது. பல படிகங்களின் துண்டுத் தரவுகளைச் சேர்த்துத் தைத்ததில் 2.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியம் கிடைத்தது. 2007-இல் சயன்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகளாக வந்தது. புரதத் தரவு வங்கியில் அதன் எண் 2ஆர்எச்1.

குழிக்குள் கரசலால் 113-ஆம் அஸ்பார்ட்டேட்டையும் 312-ஆம் அஸ்பராஜினையும் பிடித்துக்கொண்டிருந்தது. ரொடாப்சினில் இரண்டாம் வெளிவளையம் மூடி போலக் குழியை அடைக்கிறது. இங்கே அதே வளையம் ஒரு சிறு சுருளாக ஒதுங்கி வாசலைத் திறந்து விட்டிருந்தது. வெளியிலிருந்து மருந்து வந்துபோக வேண்டிய ஏற்பிக்கு அதுதானே பொருத்தம்.

தூண்டிய நிலை

இனிக் கடினமான பாதி. 2007-இன் படம் ஓய்வு நிலைப் படம். தூண்டும் மருந்தை மட்டும் வைத்துப் படிகம் எடுத்தால் என்ன வரும்? விலகவே முடியாதபடி வேதிப் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும் ஒரு தூண்டி மருந்தை உருவாக்கி அதையும் செய்து பார்த்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்த அமைப்பு, தூண்டி உள்ளே இருந்தும், ஏறக்குறைய ஓய்வு நிலையையே காட்டியது. பைமேன் சாயம் முன்பே சொன்ன விடைதான்.

உள்பக்கக் கைக்கு முதலில் நேனோபாடியை நாடினார்கள். லாமா, ஒட்டகம் போன்ற விலங்குகளின் எதிர்ப்பொருள்களில் ஒரு வகைக்கு ஒற்றைச் சங்கிலி மட்டுமே உண்டு. அதன் நுனிப் பகுதியான நேனோபாடியின் எடை சுமார் 15 கிலோடால்டன். எலியின் ஃபேப் துண்டு 50. சிறிதாக இருப்பதால் குறுகிய பள்ளங்களுக்குள் நுழையும். பிரஸ்ஸல்ஸில் யான் ஸ்டேயர்ட் குழு, தூண்டி மருந்து பிடித்த ஏற்பியைக் கொழுப்புக் குமிழிகளில் பதித்து லாமாவுக்குச் செலுத்தி, கிடைத்தவற்றிலிருந்து என்பி80-ஐத் தேர்ந்தெடுத்தது. அது ஏற்பியில் ஜிஎஸ் செய்யும் வேலையையே செய்தது: தூண்டி மருந்தின் பிடிப்பை நூறு மடங்கு அளவுக்கு உயர்த்தியது. 2011 ஜனவரியில் வந்த 3.5 ஆங்ஸ்ட்ராம் அமைப்பில் ஆறாம் சுருளின் உள்முனை 11 ஆங்ஸ்ட்ராம் வெளியே விலகியிருந்தது.

நேனோபாடி ஜிஎஸ்ஸின் பதிலாள்தான். ஆளையே கொண்டுவருவது அடுத்த வேலை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரோஜர் சுனஹாராவின் ஜி-புரத அனுபவம் இங்கே கைகொடுத்தது. சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஏற்பியும் ஜிஎஸ்ஸும் சேர்ந்ததும் டைபாஸ்பேட் வெளியேறும். ஆனால் அது கரைசலை விட்டு எங்கே போகும்? மறுபடி வந்து ஏறிக்கொண்டு இணையைப் பிரிக்கும். அதனால் அபிரேஸ் நொதியைச் சேர்த்தார்கள். அது டைபாஸ்பேட்டை மோனோபாஸ்பேட்டாக வெட்டிவிடும், ஜிஎஸ் மோனோபாஸ்பேட்டைச் சீண்டுவதில்லை. எளிமையான தந்திரம், ஆனால் முழு வேலையும் இதில் நின்றது.

மருந்தும் வேலை முடியும்வரை விலகக் கூடாது. பல தூண்டிகளைச் சோதித்து பிஐ-167107 என்ற சேர்மத்தைத் தேர்ந்தார்கள். அதன் பிடிப்பு பிகோமோலார் அளவில், அதாவது மிக மிக இறுக்கம். பாதி விலகவே ஒரு நாளைக்கும் மேல் ஆகும்.

அடுத்து டிடர்ஜென்ட். டோடெசில் மால்டோசைடில் இணை மெல்ல மெல்லப் பிரிந்தது. இதன் மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் திரள், அதாவது மைசெல், பெரியது. புரதத்தைச் செறிவாக்க வடிகட்டியில் சுழற்றும்போது டிடர்ஜென்டும் வெளியேறாமல் கூடவே செறிவாகி, பிறகு கொழுப்புப் பசையைக் குலைக்கும். மால்டோஸ் நியோபென்டைல் கிளைக்கால் என்ற புதுவகை டிடர்ஜென்டான எம்என்ஜி-3-க்கு மாற்றியதும் நிலைமை மாறியது. அது புரதத்தை விட்டு மிக மெதுவாகவே விலகுவதால், கரைசலில் அதன் அளவை வெகுவாகக் குறைத்தாலும் இணை கலையவில்லை. செய்முறை இது: ஏற்பியை 100 மைக்ரோமோலார் அளவிலும் ஜிஎஸ்ஸைச் சற்று மிகுதியாகவும் கலந்து அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து, அபிரேஸ் சேர்த்து, எம்என்ஜி-3-க்கு மாற்றி, ஃப்ளாக் பத்தியில் ஏற்றுவது. ஏற்பியோடு சேராத ஜிஎஸ் அங்கேயே கழுவிப்போகும். பிறகு அளவுவாரிப் பத்தியில் கடைசிச் சுத்திகரிப்பு.

மூன்றாம் வளையத்து லைசோசைமை இங்கே வைக்க முடியாது, ஜிஎஸ் வரவேண்டிய வாசல் அது. ஆகவே அதை ஏற்பியின் தலைமுனைக்கு, சவ்வின் வெளிப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வழக்கமான மோனோஒலீன் பசையின் நீர்ப்பாதைகள் இவ்வளவு பெரிய இணைக்கு நெருக்கடி. சங்கிலி குறைந்த 7.7 எம்ஏஜி என்ற கொழுப்பைப் பயன்படுத்தினார்கள், டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மார்ட்டின் கஃப்ரே குழுவின் வேலை அது.

இன்னும் ஒரு குறை. ஜார்ஜியோஸ் ஸ்கினியாட்டிஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனித்தனித் துகள்களைப் பார்த்தபோது, ஆல்ஃபா பகுதியில் சுருள்களாலான ஒரு துண்டு, சுருள் களம், கதவு போல ஆடுவது தெரிந்தது. படிகம் வளர்வதற்கு முன்பே நுண்ணோக்கியில் பார்த்து ஆடும் பகுதியைக் கண்டுபிடித்தது புத்திசாலித்தனம்; நூற்றுக்கணக்கான தட்டுகளைக் குருட்டாம்போக்கில் வைப்பதை அது மிச்சப்படுத்தியிருக்கும். மறுபடி லாமாதான் உதவியது. இந்த முறை முழு இணையையும் பிஎஸ்2ஜி என்ற வேதி இணைப்பியால் குறுக்கே பிணைத்துச் செலுத்தினார்கள். கிடைத்த என்பி35, ஆல்ஃபாவும் பீட்டாவும் சந்திக்கும் இடுக்கில் உட்கார்ந்து, டிரைபாஸ்பேட் போன்றவை வந்தாலும் இணை பிரியாமல் காத்தது.

20 படிகங்களின் தரவைச் சேர்த்து 3.2 ஆங்ஸ்ட்ராமில் கிடைத்த அமைப்பு 2011-இல் நேச்சரில் வெளிவந்தது. எண் 3எஸ்என்6.

படம் சொல்வது

மருந்துக் குழியில் நடந்த மாற்றம் வியக்கத்தக்க அளவு சிறியது. ஐந்தாம் சுருளின் 207-ஆம் செரீன் சுமார் 2 ஆங்ஸ்ட்ராம் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அந்த இழுப்பு நடுப்பகுதியில் 211-ஆம் புரோலின், 121-ஆம் ஐசோலூசின், 282-ஆம் ஃபினைல் அலனின் ஆகியவற்றின் அடுக்கைக் குலைக்கிறது. குலைந்த இடத்திலிருந்து ஆறாம் சுருள் நெம்புகோலாகத் திரும்பி, உள்முனை 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே போகிறது. திறந்த பள்ளத்தில் ஜிஎஸ் ஆல்ஃபாவின் கடைசிச் சுருளான ஆல்ஃபா-5 ஏறிச் செருகிக்கொள்கிறது.

ஆல்ஃபா-5 ஏற்பியை நோக்கி 6 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்து திரும்பியிருக்கிறது. அதன் மறுமுனையில் தொடரும் வளையம்தான் டைபாஸ்பேட்டின் குவானின் வளையத்தைப் பிடித்திருந்த விரல். சுருள் மேலே இழுபட்டதும் விரல் விலகுகிறது, டைபாஸ்பேட் விழுகிறது. ஏற்பி டைபாஸ்பேட்டைத் தொடுவதே இல்லை. ஏறத்தாழ 30 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நின்று, ஒரு சுருளை இழுத்து, பிடியைத் தளர்த்துகிறது. கூடவே இரண்டாம் உள்வளையத்தின் 139-ஆம் ஃபினைல் அலனின், ஜிஎஸ்ஸின் ஒரு நீர்வெறுப்புக் குழியில் ஆணி போல இறங்கியிருந்தது. இந்த இடத்தை மாற்றினால் ஜிஎஸ்ஸோடு இணைவது கெடும் என்று முந்தைய சடுதிமாற்ற ஆய்வுகள் காட்டியிருந்தன. காரணம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

எதை எவ்வளவு நம்பலாம்

3எஸ்என்6-ஐத் திரையில் திறந்தால் முதலில் கண்ணைப் பறிப்பது ஆல்ஃபாவின் சுருள் களம். வழக்கமான இடத்திலிருந்து 127 டிகிரி சுழன்று திறந்து கிடக்கிறது. பல விரிவுரைகளில் இதுவே ‘திறந்த நிலை’ என்று காட்டப்படுகிறது. கவனம் தேவை. நுண்ணோக்கி காட்டியபடி அந்தக் களம் பல கோணங்களில் ஆடுவது. படிகத்தில் பக்கத்து மூலக்கூறு இடம் கொடுத்த கோணத்தில் அது நின்றிருக்கிறது. திறக்கிறது என்பது உண்மை. 127 என்ற எண்ணைப் புரதத்தின் இயல்பாக மனப்பாடம் செய்யக் கூடாது.

3.2 ஆங்ஸ்ட்ராமில் சுருள்களின் போக்கு நன்றாகத் தெரியும். பக்கச்சங்கிலிகள் பல இடங்களில் மங்கல். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தெரியாது. மங்கலான இடத்தில் மாதிரி கட்டுபவர் விருப்பம் போல வளைத்துவிடக் கூடாது என்பதற்குக் காவல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலியின் முதுகெலும்புக் கோணங்களில் எவை சாத்தியம், எவை அணுக்கள் மோதும் இடம் என்று பிரிக்கும் அந்தப் படத்தில் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்க்காமல் இன்றும் எந்த அமைப்பும் தரவு வங்கிக்குள் போவதில்லை. மருந்து வடிவமைப்புக்கு ஓர் அமைப்பைத் தரவிறக்குபவர்கள் இந்தச் சோதனையின் அறிக்கையையும் சேர்த்துத் திறக்க வேண்டும். குறிப்பாகத் தாங்கள் நம்பப்போகும் குழியைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்களுக்கு.

எல்லாவற்றையும்விட முக்கியமான வரம்பு காலம். இந்த இணை அபிரேஸின் தயவில் காலியாக வைக்கப்பட்ட ஒன்று. உயிருள்ள செல்லில் டிரைபாஸ்பேட் எப்போதும் நிறைந்திருக்கும், காலி இடம் கணத்தில் நிரம்பிவிடும். ஏற்பியும் ஜிஎஸ்ஸும் முதலில் எந்தக் கோலத்தில் சந்தித்தன, டிரைபாஸ்பேட் ஏறியதும் எந்த வரிசையில் பிரிந்தன என்பதை ஓர் ஒற்றைப் படிகத்திடம் கேட்க முடியாது. 3எஸ்என்6 நடுவிலுள்ள ஒரு கணத்தின் படம்.

2017 முதல் இத்தகைய இணைகளை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகமின்றியே பார்க்க முடிந்தது. இதே குடும்பத்துக் கால்சிடோனின் ஏற்பியும் ஜிஎல்பி-1 ஏற்பியும் ஜிஎஸ்ஸோடு இருக்கும் படங்கள் அந்த ஆண்டு வந்தன. லைசோசைம் செருகல், கொழுப்புப் பசை, 10 மைக்ரோமீட்டர் கதிர் எல்லாம் அங்கே தேவைப்படவில்லை. தூண்டி மருந்து, அபிரேஸ், எம்என்ஜி வகை டிடர்ஜென்ட், என்பி35 நான்கும் மட்டும் அப்படியே தொடர்ந்தன. படிகத்துக்காகக் கண்டுபிடித்தவற்றில் புரதத்தின் இயல்பைப் புரிந்துகொண்டு செய்தவை எவை என்பதற்கு இதைவிட நல்ல சல்லடை இல்லை.

2024-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்கினியாட்டிஸ் குழு அதே பீட்டா-2 ஏற்பி, ஜிஎஸ் இணையில் டிரைபாஸ்பேட்டைச் சேர்த்து, சில வினாடி இடைவெளிகளில் உறைய வைத்து, அடுத்தடுத்த கோலங்களைப் பிரித்துக் காட்டியது. சுருள் களம் ஆடி அடங்கி மூடுவதும், ஆல்ஃபா-5 தளர்வதும், ஏற்பியின் பிடி விடுவதும் அதில் வரிசையாகத் தெரிகின்றன.